ஏழாவது குடுவை

ஜூன் 3
எனக்கெல்லாம் நாட்குறிப்பா என்று கூச்சமாக இருக்கிறது. மன்னிக்கணும். வாயால் பேச வராது, அதனால்தான்.
இன்று ஆய்வகத்தில் ஏழு குடுவைகளில் கடல்நீர் ஊற்றி பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டேன். ஆறில், பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று நாங்கள் நம்பும் பாக்டீரியா உண்டு. ஏழாவதில் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. துண்டுகள் அம்மா தந்த பைகளிலிருந்து வெட்டியவை. கடற்கரையில் துப்புரவு வேலை அவளுக்கு. பாறை இடுக்குகளில் தினமும் பொறுக்குகிறாள். அதையே போடலாம் என்றது நான்தான்.

ஜூன் 20
அம்மா கேட்டாள்: "உன் பூச்சிங்க எப்ப கடலுக்கு வரும் மேனகா? என் இடுப்பு கேக்குது."

ஆகஸ்ட் 5
துண்டுகளை எடை பார்த்தோம். ஆறிலும் நூற்றுக்கு நாலு குறைந்திருக்கிறது. ஆய்வகத் தலைவர் மதிவாணன் சார் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார்.
பிறகு ஏழாவதைத் தனியாக எடுத்தேன். அதிலும் நாலு. மூன்று முறை பார்த்தேன் — நாலு.
வெயிலில் வெந்த பைகள். குலுக்கியதிலேயே உதிர்ந்திருக்கின்றன. எதுவும் எதையும் தின்னவில்லை. புதுப் பையை வெட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6
சாரிடம் சொன்னேன். "அது ஏதோ கெட்டுப்போயிருக்கும்மா, உட்டுடு. உங்க வீட்ல முதல்ல படிச்ச பொண்ணு நீ. பேரு வர்ற நேரத்துல கிளறாத."
தலையாட்டினேன். இந்தத் தலைக்கு வேறெதுவும் தெரியாதா?

ஆகஸ்ட் 19
பேப்பரில் வந்துவிட்டது. பிளாஸ்டிக் தின்னும் கிருமி. சாருக்குப் பின்னால் என் பாதி முகம்.

ஆகஸ்ட் 21
அம்மா அதை வெட்டி, லேமினேஷன் போட்டு, சுவரில் மாட்டியிருக்கிறாள். பிளாஸ்டிக்குக்குள்.

ஆகஸ்ட் 27
அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேஸ்திரி அன்பழகன் எல்லோர் முன்பும் சொன்னார்: "தனக்கொடி, ஒம் பொண்ணு கிருமிய உட்டா ஒங்களுக்கெல்லாம் லீவுதான். வேற வேல தேடிக்கங்க."
பெண்கள் சிரித்தார்கள். அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டே, "தேடிக்கறோம், அதனால என்னா?" என்றாள். அந்தப் பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 4
ஆய்வுக் கட்டுரையில் கையெழுத்துக் கேட்டார் சார். அதில் ஆறு குடுவைகள்தான்.
"ஏழாவதையும் சேருங்க சார். இல்லன்னா என் பேரு வேணாம்."
சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

செப்டம்பர் 16
பத்து நாளாக டிபன் டப்பாவோடு கிளம்பி, தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, ஐந்தரைக்கு வீடு திரும்புகிறேன். ஆய்வக வேலை போனது அம்மாவுக்குத் தெரியாது. காலையில் அந்தப் படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.
அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் இந்தப் பக்கத்தில் பெரிதாக எழுதி, நோட்டை டிவி மேல் திறந்து வைக்கிறேன்.
அம்மா, செவுத்துல இருக்கறத கழட்டிடும்மா.