நாலில் ஒரு மீன்கொத்தி

மச்சான்,

இன்று காலை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப என் மனைவி அலமாரியைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. பட்டுப்புடவையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "வயசான காலத்துல எவள நெனச்சு மோந்துகிட்டு நிக்கிறீங்க?" என்றாள். உன்னைத்தான் என்றால் நம்பவா போகிறாள்?

ஈப்போவில் நாம் வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் பின்னறை முழுக்க அந்த வாசம்தான். இழுப்பறை இழுப்பறையாகப் பஞ்சு அடைத்த பறவைகள். ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு: என்ன பறவை, என்ன அளவு, எந்த ஊர், யார் கொண்டுவந்தது. எல்லாம் துரைமார் பெயர்கள். ஒரே ஒரு மீன்கொத்தியின் சீட்டில் மட்டும், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உன் அப்பாவின் பெயர், கணக்கெழுதும் கிராணியின் கோணல் கையெழுத்தில். காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும் புத்தகத்தைத் தவிர அவர் பெயர் எழுதப்பட்ட இடம் அது ஒன்றுதான் என்பாய்.

அதற்கும் வினையாக நான் வந்து சேர்ந்தேன். டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனுசர் பார்வையிட வருகிறார், சுத்தம் செய் என்றார் மேலாளர். சீட்டோடு கிடந்த பறவைகள் என் கண்ணுக்கு ஆஸ்பத்திரிப் பிணங்கள் மாதிரி இருந்தன. லட்சணமாக இருக்கட்டுமே என்று ஒரே மத்தியானத்தில் அத்தனை நூலையும் கத்தரித்து, சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டினேன். நீ அப்போது லீவில், லூமுட் கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி வந்து டின்னைத் திறந்தாய்.

"என்னா மச்சான் செஞ்ச?"

"கிளீன் பண்ணேன்லா."

"சீட்டு இல்லனா இது பறவை இல்லடா. தலகாணி."

நூல் அழுத்திய தடம், கறை, சீட்டில் குறித்த அளவு என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு, பதினோரு வருடம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினாய். எதை வைத்துக் கட்டினாய் என்று ஒரு நோட்டிலும் எழுதினாய். கடைசியில் நாலு மீன்கொத்திகளும் நாலு சீட்டுகளும் மிஞ்சின. நாலும் அச்சு அசல் ஒன்று போல. அதில் ஒன்று உன் அப்பாவுடையது.

"ஏதாவது ஒண்ணுல கட்டிடு மச்சான், எவன் கேக்கப்போறான்?"

"நான் கேப்பேன்" என்றாய்.

போன வருடம் உன் நெஞ்சு நின்றது. இந்த வருடம் கூரை ஒழுகி அருங்காட்சியகத்தை மூடினார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு ஆய்வாளர் பெண் வந்தார், நம்ம தமிழ்ப் பிள்ளைதான். சீட்டு உறுதியான பறவைகள் அவரோடு போகும்; மற்றவை, பூச்சிக்கு நஞ்சு தடவியவை என்பதால், எரிப்புக்கு. அவர் வருவதற்கு முன் நாலில் என் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த மீன்கொத்தியாகப் பார்த்து உன் அப்பாவின் சீட்டைக் கட்டிவிட்டேன். உன் அப்பாவாவது தப்பிக்கட்டும். பெருமையாக உன் நோட்டையும் எடுத்து நீட்டினேன், ஒரு பக்கம்கூடப் படித்துப் பார்க்காமல்.

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள்" என்றார். தலைக்குச் சாயம் பூசியும் அங்கிள்தான். "நாலில் எதுன்னு தெரியல, கட்டலன்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருக்காரு. ஆனா இதுல கட்டியிருக்கே. யாரு கட்டுனது?"

நாக்கு முந்திக்கொண்டது. "அவருதாம்மா."

அவர் நோட்டை மூடினார். "தெரியாதுன்னு எழுதிட்டே கட்டியிருக்காரு. அப்ப மத்ததெல்லாம் எப்படி நம்புறது?"

அப்புறம்தான் உறைத்தது. "இல்லம்மா, நாந்தான் கட்டுனேன். அவரு சாமி சத்தியமா கட்டல" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் இரக்கத்தோடு பார்த்தார். "செத்தவரு பேரக் காப்பாத்தப் பாக்குறீங்க. புரியுது அங்கிள்."

உன் பதினோரு வருடமும் எரிப்புக்கு லாரியில் ஏறிப் போயிற்று.

பழைய ஆட்கள் கூடும் டீக்கடையில் இப்போது பேச்சே இதுதான்: நல்ல மனுசன், ஆனா வேலையில கொஞ்சம் இட்டுக்கட்டுவாராம். கட்டியது நான்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன் மச்சான். ஊரிலேயே கதை விடுவதற்குப் பேர்போனவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, இவனை மாதிரி ஒரு சிநேகிதன் அமையணும் என்று என் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.