இரண்டு ஓம்

அண்ணை,

இண்டைக்கு இறங்குதுறையில் கப்பலுக்குத் தடம் காட்டுகிற புது மிதவைக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த நெடி றேடியோக் கந்தோருக்குள் புகுந்து என் மூக்கில் நங்கூரம் போட்டுவிட்டது. பழைய மிதவைதான் உங்களை விழுத்தியது என்று ஊர் சொல்கிறது. அது பொய். விழுத்தியது என் வாய்.

மணல்திட்டுகளுக்கு நடுவால் கப்பல்களைக் கரைக்குக் கொண்டுவருகிற பைலட் நீங்கள். நானோ றேடியோவுக்கு முன்னால், கால் ஆடுகிற கதிரையில் வீற்றிருந்து இந்து சமுத்திரத்தையே ஆண்டவன். நான் தும்மினால் கொழும்பில் கப்பல் ஆடும் என்று சொல்லித் திரிந்தனான். "சக்கரவர்த்தி, கடல் இண்டைக்கு உமக்குக் கும்பிடு போட்டதோ?" என்று நீங்களும் பகிடி விடுவீர்கள்.

மூன்று நாள் பேயாட்டம் ஆடிய சோளகக் காற்று ஓய்ந்த காலை அது. சீமெந்துக் கப்பலோடு வந்துகொண்டிருந்த நீங்கள் றேடியோவில் கேட்டீர்கள்: "சிவப்பு மிதவை இடம் மாறேல்லைத்தானே? போய்ப் பார்த்தனீரோ?"

நான் அப்போது கிளாக்கருக்கு, மன்னார்க் கோட்டையளவு திருக்கையை வெறுங்கையால் பிடித்த கதையில் நின்றேன். அதன் வால் தாராபுரம் வரைக்கும் நீண்டிருந்தது. கதையை விட மனமில்லை. "ஓம் ஓம்" என்றேன்.

எங்கட வாயில் அந்த இரட்டை ஓம் ஒரு பதிலே இல்லை. காது கேட்குது, சொல்லுங்கோ என்பதுதான் அது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நாளுக்கு நூறு தரம் சொல்கிறோம். கப்பலில் நின்ற உங்களுக்கு அது பதிலாகிவிட்டது. நான் போய்ப் பாராத மிதவை, காற்று இழுத்துப்போய், மணல்திட்டுக்கு மேல் நின்றது. அதை நம்பித் திருப்பினீர்கள். கப்பல் மணலில் ஏறியது.

விசாரணையில், "பைலட் உங்களிட்டைக் கேட்டவரோ?" என்றார்கள். கோட்டையளவு திருக்கை பிடித்த வாயில் நெத்தலியளவு உண்மை வரவில்லை.

"ஞாபகமில்லை, சேர்."

நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். "என்ர கவனயீனம்தான்" என்று கையெழுத்துப் போட்டீர்கள். வெளியில் வந்து, "மூண்டு பிள்ளையள் உமக்கு. போம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு கப்பலையும் உங்களிடம் தரவில்லை. மணலில் கப்பல் ஏத்தினவர் என்ற பெயரோடேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உப்புக்குளத்து வீட்டில் அக்கா, உங்கட மனுசி, தேத்தண்ணி தந்தா. "தம்பி, அவர் அதைப் பற்றி வீட்டில வாய் திறக்கவே இல்லை. நீங்கள்தானே றேடியோவில இருந்தனீங்கள். பிழை அவரிலதானோ?"

நான் தலை குனிந்து அக்கா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாய், தன்பாட்டில், "ஓம் ஓம்" என்றது.

அக்கா மெல்லத் தலையாட்டினா. வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போயிட்டா.

நான் அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை, அண்ணை. இன்னும் கூப்பிடவில்லை.