தட்டில் வைக்காத பரியம்

1983 பிப்ரவரி 6

இந்த டைரி ரேஞ்சர் ஆபீஸில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. போன வருஷத்து டைரி. கிழமையெல்லாம் ஒரு நாள் பின்தங்கி ஓடுகிறது. இன்று ஞாயிறு, டைரிக்கு இன்னும் சனி. ஓசியில் வந்தது நேரத்துக்கு வருமா?

விளையாட்டெல்லாம் இவ்வளவுதான். அக்கா வந்துட்டாள்.

பாஞ்சாலியை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக் குடுத்து மூணு வருஷம். துணி மூட்டையோடு வந்து அடுப்பாண்ட உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளே ரவிக்கையை விலக்கித் தோளைக் காட்டினாள். அம்மா மஞ்சள் அரைக்கப் போனாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"நான் திரும்பப் போவ மாட்டேன்" என்றாள்.

அப்பா கேட்டது ஒரே வார்த்தை. "பரியம்?"

பிப்ரவரி 9

எங்க மலையில் மாப்பிள்ளை வூட்டார்தான் பொண்ணு வூட்டுக்குக் காசு குடுக்கணும். அதுதான் பரியம். பள்ளிக்கூடத்தில் கணியம்பாடியிலிருந்து வந்த டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "கொடுத்து வெச்சவங்கடி நீங்க" என்றார். குடுத்து வெச்சவங்க நாங்க இல்லை டீச்சர், அவங்க. அதனால்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

பொண்ணு வேண்டாமென்று வந்துட்டா பரியம் திரும்பப் போகணும். பரியம் போனால்தான் பிரியலாம். பிரியம் போனது கணக்கில் வராது.

இன்று ஊர் கூடியது. அக்கா புருஷன் சின்னதம்பி புதுச் சட்டையில் வந்திருந்தான். ஊர்க்கவுண்டர் பரியமும், அன்றைக்குக் குடுத்த சாமை மூட்டைக்கு விலையும் சேர்த்து ஐநூறு ரூபா என்றார். சித்திரை முடிவதற்குள் தரணும். இல்லாவிட்டால் அக்கா அவன் பின்னால் நடக்கணும்.

அந்தப் பரியத்தில் அப்பா வாங்கினது ஒரு ஜோடி மாடு. ஒண்ணு செத்துப் போச்சு. இன்னொண்ணு ஒத்தையாக நின்று எங்களையே பார்க்குது.

பிப்ரவரி 21

எனக்கு வேலை பாரஸ்ட் நாற்றங்காலில். பாலிதீன் பையில் மண்ணும் எருவும் நிரப்பி வரிசையாக அடுக்கணும். நாள் கூலி அஞ்சு ரூபா. நாள் முழுக்க பை நிரப்புறேன், என் பை மட்டும் காலி என்றேன். மேஸ்திரி கோபால்சாமி சிரிக்கவில்லை. அவர் டிபன் டப்பாவில் போன மாசம் நான் தவளையை வைத்ததிலிருந்து அவருக்குச் சிரிப்பு கம்மி.

போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தில் நூத்திப்பத்து ரூபா இருக்கிறது. தையல் மிஷின் வாங்கச் சேர்த்தது. மிஷினே, நீ கொஞ்ச நாள் கடையிலேயே தூங்கு.

இன்றிலிருந்து டீ கிடையாது. பஸ் கிடையாது. சந்தையில் வளையல் கடைப் பக்கம் கழுத்தைத் திருப்புறது கூடக் கிடையாது. கூலியில் ரெண்டு ரூபா அம்மாவுக்கு, மூணு ரூபா புத்தகத்துக்கு.

மார்ச் 3

அக்கா ஊரார் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக் குடுக்கிறாள். விரலெல்லாம் வெடிப்பு. சாயங்காலம் ஒண்ணேகால் ரூபாயை என் கையில் வைத்து, "என்னை நானே வாங்குறேன் பாரு" என்றாள்.

நான் சொல்ல வேண்டிய மாதிரி ஒரு பேச்சை அவள் சொன்னால் எனக்குப் பயமா இருக்கு.

மார்ச் 4

டீ வாசனை அடிக்காத பக்கமாக நடந்தேன். அந்தப் பக்கம் வடை வாசனை.

மார்ச் 27

இதை எழுதக் கை வரலை. அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்துட்டார்.

மாப்பிள்ளை பேர் சின்னக்குழந்தை. குழந்தைக்கு வயசு முப்பத்தஞ்சுக்கு மேல. மொதப் பொண்டாட்டி செத்துட்டாள். அறுநூறு ரூபா பரியம் தர்றாங்களாம். என் பரியத்தை வாங்கி அக்கா பரியத்தைக் கட்டணுமாம். ஒரு பொண்ணை மீட்க ஒரு பொண்ணு. மாடு மாத்துற மாதிரி.

மத்தியானம் பார்க்க வந்தாங்க. நான் செவிடாகிவிட்டேன்.

"பேரு இன்னா கண்ணு?" என்றது மாப்பிள்ளையின் சின்னம்மா.

"தூக்கு ஒம்பது ரூபா சொல்றான்!" என்று கத்தினேன். புளி விலை.

"வயசு இன்னா?"

"கொட்டை எடுத்தாதான் வாங்குவான்!"

அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ரொம்ப நாளுக்கப்புறம் அவள் சிரிச்ச சத்தம்.

ஆனால் அவங்க எழுந்து போகலை. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் சின்னம்மா அப்பாவிடம், "காது கேக்காட்டி நல்லதுதான், எதுத்துப் பேசாது. நூறு ரூபா மட்டும் கொறைச்சுக்குவோம்" என்றது.

அறுநூறு ஐநூறாச்சு. அப்பா அவங்க போகும்வரை சிரித்த முகமாக இருந்தார். அப்புறம் முதுகில் ஒண்ணு வைத்தார். "உன் வாயால நூறு போச்சுடி!"

காதாலப்பா, என்று சொல்ல வந்தேன். சொல்லலை.

ஏப்ரல் 10

சித்திரைக் கடைசியில் ஊர் கூடும் முன்னே ஐநூறு வந்துட்டா, சின்னக்குழந்தை வூட்டு வெத்தலை பாக்கை வாங்க மாட்டேன் என்று அப்பா ஒத்துக்கிட்டார். "எங்கிருந்து வரும்?" என்று சிரித்தார். எவ்வளவு சேர்த்திருக்கிறேன் என்று கேட்டார். எண்பது என்றேன். பொய்தான். நிஜத்தைச் சொன்னால் ஒத்தை மாட்டுக்கு ஜோடி வந்துடும்.

அவர் கெட்டவர் இல்லை. உழவுக்கு மாடு இல்லாதவர். ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியுது. ஆனால் புத்தகத்தைச் சாமைக் குதிருக்குப் பின்னால் இடம் மாத்தி வைத்தேன்.

ஏப்ரல் 24

அக்கா வெள்ளிக் கொலுசு போச்சு. எனக்கென்று விட்டிருந்த ஆட்டுக்குட்டியும் சந்தைக்குப் போச்சு. போகும்போது என்னைப் பார்த்துக் கத்தியது. நானும் கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது.

இன்னும் நாற்பது குறையுது. யாரைக் கேட்க?

ஏப்ரல் 29

மேஸ்திரி கோபால்சாமியைக் கேட்டேன். "தவளைக்கு மன்னிப்பு கேளு மொதல்ல" என்றார். கேட்டேன். தவளையிடமும் கேட்கிறேன் என்றேன். முறைத்தார். அப்புறம் அடுத்த மாசக் கூலியில் நாற்பது ரூபாயை முன்பணமாகக் குடுத்தார்.

மே 5

ஐநூறும் முழுசா இருக்கு! போஸ்ட் ஆபீஸில் புத்தகத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் எடுத்து வூட்டுக்குக் கொண்டுவரப் பயம். சந்தை வியாபாரி ஒருத்தனுக்கு அப்பா பாக்கி வேறு வெச்சிருக்கார். தினம் வந்து வாசலில் நிக்கிறான். ஐநூறு ரூபா ஒரு ராத்திரி எங்க வூட்டில் தங்கினால், காலையில் ஐநூறாக எழுந்திரிக்குமா?

அப்போதுதான் யோசனை வந்தது. மணியார்டர்! நேரா அங்கேயே போகட்டும். ரசீது திரும்பி வரும், முத்திரையோட. ஊர்க்கவுண்டரைவிடப் பெரிய சாட்சி. நான் படிச்ச படிப்புக்கு இன்றைக்குத்தான் வேலை வந்தது.

யார் பேருக்கு அனுப்புறது? அக்கா சொன்னாள், "அவன் பேருக்கு வேணாம்டி. கையில வாங்கின அன்னைக்கே சாராயக்கடைக்குப் போயிடும். அத்தை பேருக்கு அனுப்பு. அன்னைக்குப் பரியம் எண்ணிக் குடுத்ததே அவங்கதான்." அத்தை என்றால் சின்னதம்பியின் அம்மா, முத்தம்மா.

அக்கா பேர் போட்டு அனுப்பிட்டேன். கமிஷனுக்குத் தனியாக அழுதேன்.

மே 12

ரசீது வந்தது. முத்தம்மாவின் பெருவிரல் ரேகை, நீல மையில். அழகா இருந்தது. அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா வெளியே போய் உட்கார்ந்தார். அப்புறம் உள்ளே வந்து, "ஏமாத்துக்காரி" என்று என் தலையில் கை வைத்தார். கை கனமாகவே இல்லை.

மே 14

ஐயோ.

ஊர் கூடியது. நடுவில் வெண்கலத் தட்டு. ரசீதை எடுத்து நீட்டினேன். கவுண்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"பரியம்ங்க. அனுப்பிட்டோம். ரசீது."

சின்னதம்பி எழுந்தான். "எங்கம்மாவுக்கு மருமவ காசு அனுப்பினா அது செலவுக்கு அனுப்பினது. பரியம்னு யாரு சொன்னது? தட்டுல வெச்சாங்களா? வெத்தலை வெச்சாங்களா?" அவனுக்குக் காசு வந்த விஷயமே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. கண்ணு அப்படி ஓடியது.

கவுண்டர் அவன் பக்கம் பேசவில்லை. நியாயமாகத்தான் பேசினார், அதுதான் வயிற்றெரிச்சல். "குடுக்கும்போது இந்தத் தட்டுல ஊரு பார்க்க எண்ணினாங்க. திரும்பும்போதும் ஊரு பார்க்க எண்ணணும். தபால்ல போனது தபால் காசும்மா. நாளைக்கு வாங்கலைன்னு ஒருத்தன் சொன்னா ஊரு யாரைக் கேக்கும், தபால்காரரையா?"

இது எங்க ஊரில் இடுப்பில் துணி நிக்காத பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியலை. நான்தான் படிச்சவளாச்சே.

எட்டு நாள் தவணை. அடுத்த ஞாயிறு தட்டில் ஐநூறு இருக்கணும். இல்லாவிட்டால் அக்கா போகணும்.

வூட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா, "சின்னக்குழந்தை வூட்டுக்கு ஆள் அனுப்பப் போறேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மே 15

வெத்தலை பாக்கு சனிக்கிழமை வருது. டைரிக்கு வெள்ளிக்கிழமை. ஒரு நாள் மிச்சம் பிடிக்க முடியுமா?

மே 17

மலை ஏறி இறங்கி முத்தம்மா வூட்டுக்குப் போனேன். தனியாக. சின்னதம்பி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

கிழவி இல்லை, அம்மா வயசுதான் இருக்கும். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ நல்லா கீறாளா?"

"கீறா அத்தை."

"தோளு?"

"ஆறிடுச்சு."

களி போட்டாள். சாப்பிட்டேன். பசி எனக்கு மானத்தைவிடப் பெரிசு. அப்புறம் சொல்ல வந்ததைச் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டில் வைங்க. இல்லைன்னா அக்கா திரும்ப வரணும், இல்லாட்டி நான் சின்னக்குழந்தைக்கு அம்மாவாகணும். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"காசா?" என்றாள். "வந்த அன்னைக்கே ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கிட்டேன்."

"மீதி?"

முறத்தை எடுத்துத் திரும்பப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். "வெயில் ஏறுது. கெளம்பு."

வழியில் அழுதேன். யாரும் இல்லாத காடுதானே. காட்டுக்கு நான் யாரென்று தெரியுமா?

மே 21

வெத்தலை பாக்கு வந்துடுச்சு. அப்பா இன்னும் கையில் வாங்கலை. "நாளைக்கு ஊர்ப் பேச்சு முடியட்டும்" என்று கூடையை ஓரமாக வைக்கச் சொன்னார். சின்னம்மா என் காதருகே வந்து கத்திச் சொன்னது: "மஞ்சப் புடவை எடுத்துக்கீறோம்!"

அக்கா மூட்டை கட்டிட்டாள். "நீ போவாதடி, நான் போறேன். எனக்கு அந்த வூடு பழக்கம்" என்கிறாள். மூட்டையை நான் அவிழ்த்தேன். அவள் கட்டினாள். நான் அவிழ்த்தேன்.

மே 22

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

தட்டு நடுவில். காலி. கவுண்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டை இறுக்கிக்கொண்டு எழுந்தார். சின்னக்குழந்தை வூட்டுக்காரர் மடியில் கை வைத்தார். அந்த மடியில்தான் என் ஐநூறு.

அப்போது மே... என்று ஒரு சத்தம். ஆட்டுக்குட்டி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முத்தம்மா.

ஆம்பளைங்க நடுவே நேராக வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். சாமை உமி ஒட்டின நோட்டு. "எண்ணுங்க" என்றாள். எண்ணினார்கள். நானூத்தி அறுபது. குட்டியைத் தட்டின் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். "இது மீதி."

சின்னதம்பி பாய்ந்து வந்தான். "இன்னாம்மா பண்ற? உன் காசை நீயே குடுத்துட்டு!"

"என் காசு இல்லைடா. அவ காசு. தபால்ல வந்தா ஊரு ஒத்துக்காதாம், அதான் சுமந்து வந்தேன்." கவுண்டர் பக்கம் திரும்பினாள். "ஊரு எண்ணிடுச்சில்ல? இப்ப இது எங்க வூட்டுக் காசு. ஆனா இவன் கையில குடுக்காதீங்க, சாராயக்கடைக்காரனுக்குப் பரியம் கட்டிடுவான். உங்க கையிலயே கெடக்கட்டும். நாளைக்கு இவனுக்கு வேற பொண்ணு கட்டணும்."

ஊரே சிரித்தது. கவுண்டர் துரும்பை எடுத்து ரெண்டாகக் கிள்ளிப் போட்டார். அக்காவுக்கும் அவனுக்கும் முடிஞ்சுது.

அக்கா அத்தை காலைத் தொடக் குனிந்தாள். முத்தம்மா நகர்ந்துகொண்டாள். போகும்போது அக்கா தோளை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

அப்பா கூடையைத் திருப்பிக் குடுத்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லித்தான் குடுத்தார். எனக்குக் காது நல்லாவே கேட்டது.

மே 23

தூக்கம் வரலை. வேற பொண்ணு கட்டணும் என்றாளே. எந்த வூட்டுப் பொண்ணு அது? இப்ப அவ இன்னா பண்ணிக்கிட்டு இருப்பா?

ஜூன் 19

அக்காவும் நாற்றங்காலுக்கு வருகிறாள். என்னைவிட வேகமாகப் பை நிரப்புகிறாள். மேஸ்திரி அவளைக் காட்டி என்னைத் திட்டுகிறார். அவர் முன்பணத்தை நேற்றோடு கழித்தாச்சு. மழை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒத்தை மாடு இன்னும் ஒத்தையாகத்தான் நிக்குது.

இன்று கூலி வாங்கினதும் அக்கா பத்து ரூபாயை என் கையில் திணித்தாள். புத்தகத்தில் போடச் சொன்னாள்.

"தையல் மிஷினுக்கா?"

"இல்லடி. உன் பரியத்துக்கு."

"எனக்குக் கல்யாணமே ஆவலையே!"

"ஆவும். நீ போற அன்னைக்கு இது உங்கிட்ட இருக்கணும். திரும்பி வரணும்னு தோணினா யாரையும் கேக்காம வரணும்." கையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். "தட்டுல வெக்க."

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமென்று வாயைத் திறந்தேன். அப்புறம் அந்தப் பத்து ரூபாயை மடியில் முடிந்துகொண்டேன்.