பச்சைக்கிளிக்கு முன்னால் போனவன்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் லிஃப்ட்காரன் வந்து என் மோரிஸ் மைனர் காரின் பிரேக் விளக்கைச் சரிசெய்தான். அது எரியாமல் போய் மூன்று மாதம் ஆகிறது. என் மருந்துக்கடை வாசலில் நிறுத்துகிற வண்டிக்கு முன்னழகு போதும் என்று நானும் இருந்துவிட்டேன். அவன் அட்டையை விரித்துத் தரையில் படுத்து, பழைய ஒயரை உருவி எறிந்துவிட்டுப் புதிது இழுத்தான். முப்பது வருடம் மாடி மாடியாக லிஃப்ட் ரிப்பேர் செய்தவன். ஒயரைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"விடுப்பா, பகல்ல எவன் பாக்கப் போறான்" என்றேன்.

"உன் பின்னாடி வர்றவன் நான்தானே. எனக்குத் தெரிய வேண்டாமா?"

என்னை மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு, தெருக்கோடி வரை நடந்து போய் நின்று பார்த்தான். "எரியுது. விடு. அணையுது. மறுபடி அழுத்து." தெருவே வேடிக்கை பார்த்தது.

போகும்போது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற உதிரி ரப்பர் ஹோஸ் இருந்த பையை என் டிக்கியில் வைத்துவிட்டுப் போனான். கார்ச் சங்கத்தின் அடுத்த பயணத்துக்குச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் அவன் வண்டியில் வரப்போகின்றன, இடம் வேண்டுமாம். அவன் வண்டிக்குப் பெயர் பச்சைக்கிளி. அதன் டிக்கியில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று சங்கக் கூட்டம், தலைவர் பல் டாக்டர் வீட்டு ஷெட்டில். எங்கள் பழைய பிரிட்டிஷ் கார்ச் சங்கத்தில் கூட்டம் என்றால் டீ குடிப்பது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் எஞ்சினை மற்றவர் பெருமூச்சோடு பார்ப்பது. நான் மட்டும் திறப்பதில்லை. தாழ்ப்பாள் இறுகிவிட்டது என்று ஏழு வருடமாகச் சொல்லிவருகிறேன். என் வண்டியின் சொந்த எஞ்சின் செத்து ஏழு வருடம். உள்ளே இருப்பது ஜப்பான் எஞ்சின். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இந்தச் சங்கத்தில் அது வெளியே சொல்கிற விஷயமா?

டாக்டர் டீக் கோப்பையோடு வந்து என் பானெட்டைத் தட்டினார். "என்ன மருந்து, தாழ்ப்பாளைத் திறக்க ஜப்பான்ல இருந்துதான் ஆள் வரணுமா?"

இருபது பேர் சிரித்தார்கள். லிஃப்ட்காரனும் சிரித்தான், பல் தெரிய.

எஞ்சின் மாற்றியது தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான். மாற்றிய மெக்கானிக், அவர் செத்து மூன்று வருடம் ஆகிறது. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த லிஃப்ட்காரன். இதற்கு விரல் விட்டு எண்ண வேண்டுமா என்ன?

பதினோரு வருடப் பழக்கம். இப்படிச் செய்வானா? செஞ்சுட்டானே.

மார்ச் 18, திங்கள்

இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

சங்கத்து வக்கீல் கடைக்கு வந்து, தலைவலிக்கு ஜப்பான் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, வாய் மூடுவதற்கும் இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே போனார். நான் சிரிக்கவில்லை. எல்லாம் அவன் வைத்த வினை.

ஏப்ரல் 7, ஞாயிறு

எழுதாமல் தூங்க முடியாது போலிருக்கிறது. எழுதினாலும் தூக்கம் வருமா தெரியவில்லை.

அணைக்கட்டுப் பூங்காவுக்குப் பயணம். பன்னிரண்டு வண்டிகள். சங்கத்தில் சட்டங்கள் பல உண்டு, உருப்படியானது ஒன்றே ஒன்று. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். அது நின்றுவிட்டால் திரும்பிப் போக வேண்டும். கருவிப்பெட்டி இருப்பதால் லிஃப்ட்காரன் எப்போதும் கடைசி. அவனுக்கு முன்னால் நான். எல்லோருக்கும் பின்னால் அவன் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது.

புறப்படும் இடத்தில் அவன் மனைவி வண்டிக்குள் இருந்தபடியே கூப்பிட்டாள். முட்டி ஆபரேஷன் முடிந்து இன்றுதான் முதல் தடவையாக வெளியே வருகிறாள். என்னை வாய் நிறைய அண்ணே என்பாள், எனக்கும் அவள் தங்கச்சிதான். "என்ன அண்ணே, போனையே எடுக்க மாட்டேங்கறீங்க? இவர் மூணு வாரமா புலம்பறார்."

"கடையில கூட்டம்மா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி டாக்டர் வீட்டம்மாவோடு பேச்சுத்துணைக்கு முதல் வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் தனியாகத்தான் ஓட்டினேன்.

மலைச்சாலையில், பாறையை வெட்டிப் போட்ட திருப்பத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்தேன். பச்சைக்கிளி ஓரம் கட்டி நின்றது. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் இறங்கிக் கையைத் தூக்கினான். என் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. வண்டி நின்றது.

எத்தனை நொடி? பத்து? பதினைந்து? காதில் அன்றைய சிரிப்பு கேட்டது. "ஜப்பான்காரனை எதுக்குக் கூப்பிடறே? இங்கிலீஷ்காரன் எவனாவது வருவான், அவனைக் கூப்பிடு" — வண்டிக்குள் தனியாக, வாய்விட்டே சொன்னேன். காலை எடுத்தேன். திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பூங்காவில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, சாப்பாடு முழுவதும் அவன் டிக்கியில். முப்பது பேருக்கு நாலு பாக்கெட் பிஸ்கட். செல்போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. "மருந்து, உங்களுக்குப் பின்னாடிதானே வந்தாங்க?" என்றார் டாக்டர்.

"வந்துட்டுத்தான் இருந்தாங்க. நான் கவனிக்கலையே."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

இரண்டு மணிக்கு டாக்டரே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மூன்றரைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. மாற்று ஹோஸ் என் டிக்கியில் பத்திரமாக இருந்தது. வெயிலில் ஐந்து மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில் தங்கச்சியின் முட்டி இரண்டு மடங்காக வீங்கிவிட்டது. இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள்.

லிஃப்ட்காரன் கையைக் கழுவிவிட்டு டிக்கியைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறினான். எனக்கும் பரிமாறினான். பசி, சாப்பிட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

தங்கச்சிக்கு வீக்கம் குறைய மாத்திரை கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டோடு வந்தார். அவன் வரவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கூட்டத்தில் டாக்டர் நேராகவே கேட்டார். விதி இருக்கும்போது இப்படி எப்படி நடந்தது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட்காரன், "கண்ணாடியில வெயில் அடிச்சிருக்கும். கவனிச்சிருக்க மாட்டான்" என்றான்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டீயைப் பார்த்துச் சொன்னான். பேச்சு அதோடு முடிந்தது. காப்பாற்றிவிட்டான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். என்ன ஜென்மம் நான்.

இன்று அவன் பஸ்ஸில் வந்திருந்தான்.

மே 5, ஞாயிறு

என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர் வீட்டம்மா சரியான ஓட்டை வாய். ஜப்பான் எஞ்சின்னு பேச்சுவாக்குல சொன்னேன், அதைப் போய் அவர்கிட்ட சொல்லி, அவர் உங்களைக் கிண்டல் பண்ணி... உங்களுக்குக் கோவமா?"

"நீயா சொன்னே?"

"ஆமா. ரெண்டு மாசமோ மூணு மாசமோ இருக்கும். ஏன், அது ரகசியமா?"

தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று எண்ணினேன். ஏழு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவளை நான் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் என் தலையில்தான்.

அவன் ரெண்டு தடவை போன் பண்ணினானே. எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்?

மே 9, வியாழன்

கடையைச் சாத்திவிட்டு அவன் தெரு முனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

மே 12, ஞாயிறு

போய்விட்டேன். வாசலில் பச்சைக்கிளி தார்ப்பாய் போர்த்தி நின்றது. தங்கச்சி கைத்தடி ஊன்றி வந்து கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் பாத்தேன்ப்பா. நீ கையைத் தூக்கினதைப் பாத்தேன்."

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"பிரேக் விளக்கு எரிஞ்சுதே." சாவதானமாகச் சொன்னான், ஏதோ லிஃப்டில் என்ன கோளாறு என்று விளக்குகிறவன்போல. "பாறை நிழல்ல பளிச்சுனு தெரிஞ்சுது. இவகிட்ட சொன்னேன், பாரு, நின்னுட்டான், இதோ வந்துடுவான், ஹோஸும் அவன்கிட்டதான் இருக்குன்னு. அப்புறம் அணைஞ்சுது. ரிவர்ஸ் எடுக்கப் போறே, அதான் காலை எடுத்திருக்கேன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் அங்கேயே பாத்துட்டு நின்னேன்."

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

"சொல்லி?"

பிறகு அவனே கேட்டான். "எஞ்சின் விஷயத்தை நான்தான் வெளியில சொன்னேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"கேட்டிருக்கலாம்ல."

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவன் திட்டவில்லை. தங்கச்சி டீ கொண்டுவந்து வைத்தாள். மன்னிச்சிடும்மா என்றேன். "முட்டி பரவாயில்லைங்க, இப்ப நடக்கறேன்" என்றாள். நான் கேட்டது அது இல்லை என்று அவளுக்கும் தெரியும். மூன்று பேரும் டீயைக் குடித்து முடித்தோம். ஹோஸ் பையைத் திருப்பிக் கொடுத்தேன். "உன்கிட்டயே இருக்கட்டும்" என்று என் கையிலேயே வைத்துவிட்டான்.

ஜூன் 2, ஞாயிறு

பச்சைக்கிளியை விற்றுவிட்டானாம். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அம்மாவுக்கு. இனிமேல் வரமாட்டான், வயதாகிவிட்டது என்று டாக்டர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான். என்னைவிட மூன்று வயது சின்னவன்.

பானெட்டைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. "சுத்தமா வெச்சிருக்கீங்க மருந்து" என்றார் வக்கீல். இதற்காகவா இத்தனையும்?

ஜூலை 7, ஞாயிறு

மறுபடி அணைக்கட்டு. என்னைக் கடைசியில் போடுங்கள் என்று கேட்டேன். நர்ஸ் அம்மாவுக்கு மலைச்சாலை புதிது, ஆனாலும் அவரே கடைசியில் வருவதாகப் பிடிவாதமாக இருக்கிறார் என்றார் டாக்டர். அதனால் கண்ணாடியில் மறுபடி பச்சைக்கிளி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அது தெரிந்த பிறகு போனேன். அந்தப் பாறைத் திருப்பத்திலும் நின்றேன். பச்சைக்கிளி நல்லபடியாக ஏறி வந்தது.

சாப்பிடும்போது நர்ஸ் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்காக அங்கங்க நிக்கறீங்க, ரொம்ப நன்றிங்க. வண்டியைக் கொடுக்கும்போதே லிஃப்ட்காரர் சொல்லிட்டார். கடைசியில போங்க, மருந்துக்காரர் பின்னாடியே போங்க, ஹோஸ் அவர்கிட்ட இருக்கு, பிரேக் விளக்கும் நல்லாத் தெரியும்னு."

வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"இல்லைங்களே. அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் ஏழு திருப்பங்கள். ஏழிலும் நின்றேன். பச்சைக்கிளி கண்ணாடியில் தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.