கத்தரித்து அனுப்பிய வரிகள்

சென்னை
5.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் நாலாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

உங்கள் தங்கை வளைகாப்புக்கு நான் வராதது தப்புதான். ஆனால் எங்கள் ஆய்வகத்து உலையை ஏற்றினால் மூன்று நாள் அணைக்கக்கூடாது. பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். "அடுப்பா, நானா?" என்று கேட்டீர்கள். "இப்போதைக்கு அடுப்பு" என்றேன். போனை வைத்துவிட்டீர்கள். கடலைமிட்டாய்க்கு எட்டு அடுப்பு வைத்திருப்பவர், ஒரே ஒரு அடுப்பு வைத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது?

எப்போதும்வென்றான் ஊர்ப்பக்கம் ஆடியில் காற்றாலைகள் தேவைக்கு மேல் சுற்றுகின்றன அல்லவா? அந்த மாதிரி மிச்ச மின்சாரத்தில் ஒரு கிராஃபைட் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, சூடாகவே சேமித்து வைக்கிறோம். காற்று நின்றதும் அந்தக் கட்டியின் வெளிச்சத்தை ஒரு சில்லு மறுபடி மின்சாரமாக்கும். சோலார் தகட்டுக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில்லுதான் என் ஆராய்ச்சி. உங்களுக்குப் போட்டியாக வந்த ஆள் இல்லை.

உங்கள்
உமாதேவி

கோவில்பட்டி
10.9.2025

உமாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்குத்தான் கரிக்கட்டி இருக்கிறதே.

வளைகாப்பில் குளத்தூர்ப் பெரியம்மா சபை நடுவில், "ஏலே சங்கரா, ஒம் பொண்டாட்டி பஸ்ஸுல வருதாளா, கரண்டு கம்பி வழியா வருதாளா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே இருந்தேன், மூன்று டம்ளர். படித்த பெண்ணைக் கட்டாதே என்று சொன்னவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

இருமல் எப்படி இருக்கிறது? சுக்குப் போட்ட மிட்டாய் ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். கோபத்தோடு அனுப்பியதுதான், ஆனாலும் சாப்பிடு.

சங்கரபாண்டியன்

சென்னை
16.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இருமலும் போயிற்று, மிட்டாயும் போயிற்று. ஆய்வகத்தில் ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தேன்.

"படித்த பெண்ணைக் கட்டாதே" என்ற வரியைக் கத்தரித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பயப்பட வேண்டாம், என் சில்லு செய்வதும் இதுதான். கட்டியிலிருந்து வரும் வெளிச்சம் முழுவதும் அதற்கு உதவாது. உதவுவதை எடுத்துக்கொள்ளும். உதவாததை, பின்னால் இருக்கும் பொன் பூசிய கண்ணாடி கட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். சூடும் வீணாகாது, சில்லும் வெந்து போகாது.

சுக்கு மிட்டாய் வரியை நான் வைத்துக்கொண்டேன்.

உங்கள்
உமாதேவி

கோவில்பட்டி
24.9.2025

அன்புள்ள உமா,

உன் உறையை மிட்டாய்க் கம்பெனியில் வைத்துப் பிரித்தது என் புத்தி. துண்டுக் காகிதம் பறந்து போய்ப் பாகில் ஒட்டிக்கொண்டது. மிட்டாய் வெட்டுகிற செல்வலட்சுமி அதை உரித்தெடுத்து எல்லாருக்கும் வாசித்தாள். "மதினி படிச்சவிய, அதான் வெட்டி அனுப்பியிருக்காவ. நானா இருந்தா நேர்ல வந்து கேட்டிருப்பேன் அண்ணாச்சி" என்றாள். அன்றைக்கு ஒரு அடுப்பிலும் பாகு சரியாக வரவில்லை.

அந்த வரியை நான் எழுதியிருக்கக்கூடாது. உன் படிப்பு மேல் எனக்குக் கோபம் இல்லை. வளைகாப்பில் எல்லாரும் ஜோடி ஜோடியாக நின்று போட்டோ எடுத்தார்கள். என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். உன்னை ரொம்பத் தேடிவிட்டது, உமா.

சங்கரபாண்டியன்

சென்னை
3.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தமுறை கத்தரிக்க ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. மடித்து மடித்துப் பிரித்ததில் கடைசி வரி மட்டும் கொஞ்சம் நைந்துவிட்டது. எனக்கும் தேடுகிறது.

அக்டோபர் 16, வியாழன் காலை பத்து மணி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் எல்லார் முன்னிலையிலும் பேசி, கட்டியின் வெளிச்சத்திலிருந்து ஒரு சின்ன விளக்கை எரிய வைத்துக் காட்ட வேண்டும். எரியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இங்கேதான். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து ஆள் வருவார்கள். தீபாவளிக்கு நாலு நாள்தான் இருக்கும், உங்கள் எட்டு அடுப்பும் எரியும் என்று தெரியும். உங்களால் வர முடியாவிட்டால் பரவாயில்லை.

உங்கள்
உமாதேவி

கோவில்பட்டி
8.10.2025

அன்புள்ள உமா,

புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எட்டு அடுப்பையும் செல்வலட்சுமி பார்த்துக்கொள்கிறேன் என்றாள். "அண்ணாச்சி, அடுப்பா மதினியான்னு கேட்டா என்ன சொல்லுவிய?" என்று வேறு கேட்டாள். அடுப்புதான் என்றேன், மதினியின் அடுப்பு.

ஐந்து கிலோ மிட்டாய் கொண்டுவருகிறேன். விளக்கு எரிந்தால் எல்லாருக்கும் கொடுப்போம். எரியாவிட்டால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து தின்று தீர்ப்போம்.

உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் எனக்கு உதவவில்லை. கத்தரித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன்
சங்கரபாண்டியன்

இணைப்பு: "உங்களால் வர முடியாவிட்டால் பரவாயில்லை."