உறவினர் வெளியே போகவும்

அன்புத் தங்கை வெர்லீனுக்கு,

முழங்கால் வலி தேவலையா? லூசியானாவையே தாங்கி நிற்கும் கால்கள் அவை, பத்திரம். நான் நலம்.

போன வாரம் நான் சமைக்கும் கல்லூரிச் சகோதரிகள் சங்கத்தின் அறக்கட்டளை கூடியது. உன் மகள் ஓடெட்டின் நர்சிங் படிப்புக்கு உதவுவதா என்று ஐந்து அறங்காவலர்கள் முடிவுசெய்ய வேண்டும். விண்ணப்பித்தவருக்கு உறவானவர் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. சமையல்காரனுக்கு ஓட்டு ஏது? ஆனாலும் மகுடம் துறக்கும் மன்னனைப்போல் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, மக்னோலியா மரத்தடிக்குப் போனேன். தலைக்குமேல் பூக்கள் கப்பல் கப்பலாக மிதந்தன.

சற்று நேரத்தில் தலைவி மிஸ் யூடோரா வந்து நின்றார்.

"பதினோரு வருஷமா உன் கையால சாப்பிடறேன், ரூஃபஸ். அப்ப நானும் சொந்தம்தானே? தள்ளி உக்காரு."

பின்னாலேயே, அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள்.

"உள்ள யாருடி இருக்கா?" என்றார் மிஸ் யூடோரா.

"நாற்காலிதான்" என்றார் நால்வரில் ஒருவர்.

முடிவை வெளியூர்க்காரர்கள் மூவரிடம் விட்டார்கள். இன்று பதில் வந்தது: ஓடெட்டுக்குக் கிடைத்துவிட்டது. அவர்கள் என் சமையலை முகர்ந்தது கூட இல்லை. எல்லாம் அவள் சாமர்த்தியம்.

நம் மரத்துப் பெக்கான் பருப்பு அனுப்பு. ஒரு ஆளுக்குப் போதும் என்றுதான் எழுத இருந்தேன். ஆறு பேருக்கு அனுப்பு.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் அண்ணன்,
ரூஃபஸ்