ஆறாம் பாகத்தின் கடைசிக் காட்சி

அன்புள்ள வக்கீல் அவர்களுக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் நலத்தை உங்கள் கடிதத்திலேயே பார்த்துக்கொண்டேன். கையெழுத்து சாய்ந்து ஓடுவதைப் பார்த்தால், படகு கிளம்பும் நேரத்தில் மடியில் வைத்து எழுதியது போலிருக்கிறது. அத்தைக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மகன் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் அந்த முழங்கால் மேல்தான் காட்டுகிறார். "உன்னை நம்பி ஒரு காரியம் உண்டா" என்று அதைத் திட்டும்போது, யாரைத் திட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

இன்று விடுமுறை. அத்தை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். நான் மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே பேசிவிடலாமே என்று சொல்லாதீர்கள். உங்கள் தீவில் இருக்கும் அந்த ஒரே போனில் நீங்கள் பேசும்போது, பின்னால் வரிசையில் நிற்கிறவர் இருமுவது எனக்கு இங்கே கேட்கிறது. அவர் இருமலுக்கு நடுவே நான் என்னத்தைப் பேச? சாப்பிட்டீர்களா, அங்கே மழையா என்பதற்குள் முடிந்துவிடுகிறது.

கம்பெனி உங்களை இன்னும் இரண்டு வருஷம் தீவிலேயே இருக்கச் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக வந்தவர்களுக்குக் காற்றாலை உச்சியில் ஏறவே கால் நடுங்குகிறது, இப்போது விட்டுவிட்டு வந்தால் அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசியில், "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று ஒரு வரி. பொறுப்பைத் தூக்கி என் தலையில் கட்டுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில் படத்தைப் பற்றி. நீங்கள் தேடிப் படிக்கப் போவதும் அதைத்தானே.

நம் 'கப்பல் படம்' ஆறாம் பாகம் போன வாரம் வந்தது. வழக்கம்போல் முதல் நாளே போனோம். பேட்டரிக்காரர், கணக்கு டீச்சர், ஆம்புலன்ஸ் டிரைவர், நான். வீட்டில் தனியாக இருந்து என்ன செய்ய என்று அத்தையும் கிளம்பிவிட்டார். விண்வெளியில் வழி தவறிப்போன ஒரு கப்பல், வீடு திரும்ப முடியாத ஒரு கேப்டன், பாகத்துக்கு ஒரு பூதம். இதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். இந்த முறை இழுக்க ஆளில்லாமல் நானாகவே போனேன். இப்படியும் ஒரு காலம் வரும் என்று யார் கண்டது?

பயப்படாதீர்கள், வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். படம் பார்க்காதவரிடம் கதையைச் சொல்லிவிட்டவர், அடுத்த பாகத்துக்கு எல்லோருக்கும் சேர்த்து வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. நீங்களும், "நான் வந்து பார்த்துக்கிறேன், முடிவை மட்டும் மூச்சு விடாதே" என்று இரண்டு கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். அதனால் கதையைத் தொடாமல் சொல்கிறேன்.

படம் சுத்த மோசம். பூதம் ரப்பர் செருப்பு போல் மடங்குகிறது. ஐந்து பாகமும் வாயே திறக்காத இயந்திர மனிதன் இந்தப் பாகத்தில் ஜோக் அடிக்கிறான். அதற்கு அவனே சிரிக்கிறான். கப்பலில் காற்றே இல்லை, எல்லோரும் மூச்சுத் திணறுகிறார்கள், ஆனால் அந்த டாக்டரம்மாவின் முடி மட்டும் பறக்கிறது. எனக்குப் பொறுக்காதது கேப்டனின் பல். முதல் பாகத்தில் அவனுக்குக் கோரைப்பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும், நான் உங்களிடம் காட்டினேனே? இப்போது எல்லாம் வரிசையாக, பளீரென்று இருக்கிறது. இத்தனை வருஷம் நடுவானில் திக்குத் தெரியாமல் சுற்றியவனுக்குப் பல் கட்டியது யார்? இதை நான் தியேட்டரிலேயே சத்தமாகக் கேட்டுவிட்டேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். அத்தை அதற்குள் தூங்கிவிட்டார்.

படம் விட்டதும் பேட்டரிக் கடையில் கூட்டம். உங்கள் ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவும் இல்லை. கணக்கு டீச்சர் தன் பையை அதன் மேல் வைக்கப் போய், பிறகு கீழேயே வைத்துக்கொண்டார். பேட்டரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தனக்கு நெருங்கின சொந்தம் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் பாகத்தில் கப்பலின் பேட்டரி தீரப் போகிறது என்று நம்மை அழவைத்தார்களே, இப்போது எங்கிருந்து வந்தது இவ்வளவு சார்ஜ் என்று அவருக்கு ஆத்திரம். "என் கடையில இப்படி ஒரு பேட்டரி இருந்தா நான் ஏன்யா இங்க இருக்கேன்" என்றார். கணக்கு டீச்சருக்குத் தூரக் கணக்கு இடிக்கிறதாம். கரும்பலகை இல்லாத குறையாகக் கடைச் சுவரில் விரலால் எழுதிக் காட்டினார்.

ஆனால் உண்மையான சண்டை கடைசிக் காட்சியைப் பற்றித்தான். அதில் கேப்டன் ஒரு முடிவு எடுக்கிறான். என்ன முடிவு என்று சொல்ல மாட்டேன். பேட்டரிக்காரரும் டீச்சரும், இது ஐந்து பாகத்துக்கும் செய்த துரோகம் என்றார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்டா போய்த்தான் ஆகணும். சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போறவன் நான். அவன் பண்ணினது சரி" என்றார். எப்போதும் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிற மனிதர், அன்றைக்கு எழுந்து நின்று பேசினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். படம் நல்லதா, குப்பையா. நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்று குப்பைக்கு, என்னுடையது. இன்னொன்று நல்லதற்கு, உங்களுடையது. எப்படி இருந்தாலும் என் கையை நல்லதற்குப் போடு என்று படம் வருவதற்கு முன்பே எழுதி அனுப்பிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். சும்மாவா வக்கீல் என்று பெயர் வைத்தார்கள்? காரணம் சொல்லாத கை கணக்கில் வராது என்று பேட்டரிக்காரர் பிடித்துக்கொண்டார். சரி, வக்கீலுக்காக நான் வாதாடுகிறேன் என்று எழுந்தேன்.

உங்களைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கையில் ஒரு வேலை இருக்கும்போது ஒரு மனிதன் எப்படி நடுவில் விட்டுவிட்டு வருவான் என்றேன். கூட இருப்பவர்களுக்கு அனுபவம் போதாது, இவன் இல்லாவிட்டால் அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்றேன். இன்னும் கொஞ்ச காலம்தானே, வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்றேன். டிரைவர் மேசையைத் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பேசிக்கொண்டிருந்தது படத்தைப் பற்றி இல்லை. அன்று காலையில் வந்த உங்கள் கடிதத்தை, வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

வாதத்தைப் பாதியில் விட்டேன். ஆசிட் நெடி கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். பேட்டரிக் கடையில் ஆசிட் நெடி இல்லாத நாள் ஏது, ஆனாலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். டீயை என் கையில் கொடுத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடியே இருந்தார். உங்கள் கையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதாகப் பேட்டரிக்காரர் உள்ளிருந்து அறிவித்தார். அப்படியும் நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

மற்றபடி இங்கே பெரிய விசேஷம் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. நீங்கள் கட்டிவிட்டுப் போன துணிக்கு மேல் நான் ஒரு துணி கட்டியிருக்கிறேன். அத்தை உங்கள் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்தார். அழுக்கே இல்லையே என்றேன். தூசி என்றார்.

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் அலமாரி நிறைந்துவிட்டது. கட்டி முடித்த பல்செட்டுகளின் பிளாஸ்டர் அச்சுகளையெல்லாம் உடைத்துப் போட்டு இடம் பண்ணச் சொன்னார் டாக்டர். நாள் முழுக்க ஊர்ப் பல்லையெல்லாம் சுத்தியலால் உடைத்தேன். உங்களுடையதை உடைக்கவில்லை. ஸ்பேனர் பட்டு உடைந்த முன்பல்லுக்கு மூடி போட வந்தபோது எடுத்த அச்சு. ஞாபகம் இருக்கிறதா? கடிக்கும்போது இடிக்கிறது, இடிக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்தீர்கள். நானும் ராவி ராவிப் பார்த்தேன். இடிக்கவே இல்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்த அச்சு என் மேசையில்தான் இருக்கிறது. வேலைக்கு நடுவே கண் போகும். உங்கள் சிரிப்பில் பல் வரைக்கும் இருக்கிறது, மீதி இல்லை. சில நாள் பார்க்கவே பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். பிறகு மனசு கேட்காமல் நானே திருப்பிக்கொள்கிறேன். அந்த மூடி ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அங்கே யாரிடமும் ஒட்டக் கொடுக்காதீர்கள். அது என் வேலை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீ சொல்வதுதான் என்றீர்கள். ஒரு வாரமாக யோசித்தேன். நல்ல மனைவியாக, உங்கள் இஷ்டம் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்றுதானே கதையைச் சொல்லாமல் இருக்கிறேன்? வராதவருக்கு எதற்கு வாய்ப்பூட்டு? சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் வந்துவிடுகிறான். வீட்டுக்கு நேர் மேலே, கப்பலின் ஜன்னலிலிருந்து கூரை தெரிகிற அளவுக்கு வந்துவிடுகிறான். வாசலில் விளக்கு எரிகிறது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ உதவி கேட்டு ஒரு குரல் வருகிறது. அவன் கப்பலைத் திருப்பிவிடுகிறான். இசை பெரிதாக எழுகிறது, அவன் முகத்தைக் காட்டுகிறார்கள், பல்லைக் காட்டுகிறார்கள். பிறகு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வாசலில் அவன் மனைவி வந்து நின்று மேலே பார்க்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடுகிறது.

கடையில் அவ்வளவு நேரம் பேசினார்களே, பேட்டரியைப் பேசினார்கள், தூரத்தைப் பேசினார்கள், கடமையைப் பேசினார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு பாகமாக அந்த வாசலில் நிற்கிறாள், அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. நானும் பேசவில்லை. உங்கள் பக்கம்தானே வாதாடினேன். படம் முழுக்கத் தூங்கிய அத்தை அந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் எப்படியோ விழித்திருக்கிறார். வீட்டுக்கு நடந்து வரும்போது, "இவ்வளவு தூரம் வந்தவன் இறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகக் கூடாதா?" என்றார். முழங்கால் வலி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் விடவில்லை.

புதிதாக வந்தவர்கள் ஏறிப் பழகிக்கொள்வார்கள். நீங்களும் ஒரு காலத்தில் நடுங்கியவர்தான், எனக்குத் தெரியாததா? இரண்டு வருஷம் வேண்டாம். கம்பெனிக்கு என் பெயரையே சொல்லுங்கள், பொல்லாதவள், விடமாட்டேன் என்கிறாள் என்று. எனக்கு நீங்கள் வேண்டும். தூரத்தில் கடமையைச் செய்கிற நல்ல மனிதராக இல்லை. இங்கே, இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இந்த மோசமான படத்துக்காக என்னோடு மல்லுக்கட்டுகிறவராக வேண்டும்.

மேலே ஏறும்போது இடுப்புக் கயிற்றை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று அதிகமான நாளில் ஏறாதீர்கள். அத்தையின் ஆசீர்வாதம்.

சட்டத்தை மீறிவிட்டேன், தண்டனைக்குத் தயார். ஏழாம் பாகம் வரும்போது எல்லோருக்கும் சேர்த்து வரிசையில் நான்தான் நிற்கப் போகிறேன். கவுண்டரில் எத்தனை டிக்கெட் என்று கேட்பார்கள். உங்களையும் சேர்த்துச் சொல்லட்டுமா என்பதை மட்டும் அடுத்த படகில் எழுதி அனுப்புங்கள்.

வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கும்,
உங்கள் பல்காரி